குப்பத்தின் ஒரே ஓட்டு

1

சென்னைச் சர்க்கார் என்னை மறக்கவில்லை. நான் ஓட்டுப் போட்டு இரண்டு வருஷம் நிறைந்த வாரத்தில், பினாங்கில் நாங்கள் குடியிருக்கும் தகரக் கூரை போட்ட பலகை வீட்டுக்கு ஒரு நீளமான பழுப்பு உறை வந்தது. அதன் மேல் என் பெயரை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தார்கள். 'ஆள் ஊரில் இல்லை' என்று சிவப்பு மசியில் சாந்தோம் தபால்காரர் குறித்திருந்தார். அதன் கீழே எங்கள் மாதா கோவில் உபதேசியாரின் சாய்ந்த கையெழுத்தில் பினாங்கு விலாசம். கடலைக் கடந்து ஒரு பெண்ணைத் தேடிப் பிடிக்க ஒரு சர்க்கார் இவ்வளவு பாடுபடுமானால் அது நல்ல சர்க்காராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பிரித்தேன்.

"மேற்படி குப்பத்தில் வசிக்கும் மேற்படி பிலோமினாவுக்கு அறிவிப்பது" என்று தொடங்கியது. கடற்கரையில் தொழிலாளர் ஓய்வுப் பூங்கா அமைப்பதென்று முடிவாகியிருக்கிறதாம். அதற்காக மேற்படி குப்பத்திலுள்ள குடிசைகள் யாவும் அகற்றப்படுமாம். ஆட்சேபணை உண்டானால் முப்பது நாட்களுக்குள் நேரில் ஆஜராகித் தெரிவிக்கலாமாம்.

அன்று இருபத்தேழாவது நாள். இங்கிருந்து சென்னைக்குக் கப்பலில் ஒரு வாரம். எனவே கடிதம் வருமுன்பே நான் கப்பல் ஏறியிருக்க வேண்டும். சர்க்கார் அதை எதிர்பார்த்திருக்கும்.

என் கணவர் அந்தோணி துறைமுகக் கிடங்கில் கிராணி. குமாஸ்தாவை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இன்னா பிலோ, சர்க்காரே உனுக்கு லெட்டர் போடுது? நான் பத்து வருசமா இங்க கீறேன், ஒரு நாய் கூட எனுக்கு லெட்டர் போடல."

"எங்கள் குப்பத்தை எடுக்கப் போகிறார்கள்."

சிரிப்பதற்குத் திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். அதே தபாலில் என் அம்மாவின் கடிதமும் இருந்தது. அதில் குப்பம் என்னிடம் ஒரு காரியம் கேட்டிருந்தது. அந்தக் காரியம் உங்களுக்கு விளங்க வேண்டுமானால் முதலில் என் ஓட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

2

சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு வடக்கே எங்கள் குப்பம். பாதிப் பேர் வேதக்காரர்கள், பாதிப் பேர் அம்மனைக் கும்பிடுகிறவர்கள், எல்லாரும் மீன்காரர்கள். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா கட்டுமரத்தில் போவார். அம்மா மரியம்மா கூடை சுமந்து மயிலாப்பூர்ப் பக்கம் விற்கப் போவாள். மாட வீதிகளில் மீன் கூடை போகக் கூடாதென்பதால் கபாலீசுவரருக்கும் அம்மாவுக்கும் நடுவே எப்போதும் இரண்டு தெரு இடைவெளி இருந்தது. கன்னிமார் மடத்துப் பள்ளியில் நான் எட்டாம் வகுப்புத் தேறி, உபாத்தியாயினி பயிற்சியும் முடித்து, அங்கேயே பாடம் சொல்லிக்கொடுத்தேன். குப்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். கடைசி ஆளும் நான்தான்.

அப்போது மாகாணத் தேர்தல் வந்தது. வீட்டு வரி கட்டுகிறவர்களுக்கு ஓட்டு உண்டு என்றார்கள். ஓலைக் குடிசைக்கு வரி போட எந்தச் சர்க்காருக்கும் தோன்றியதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் உண்டு என்றார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. மயிலாப்பூரில் ஓட்டர்களின் ஜாபிதாவில் பெயர் சேர்க்கும் ஆபீசுக்குப் போனேன்.

அங்கிருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா? யார் பேரைச் சேர்க்கணும்?"

"என் பேரை."

"ஆத்துக்காரர் வரலையா?"

"கல்யாணம் ஆகவில்லை."

"எங்கேருந்து வரே?"

குப்பத்தின் பெயரைச் சொன்னேன். அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார். நான் குளித்து, வெளுத்த சேலை கட்டிப் போயிருந்தேன். நாற்றம் அடித்தது குப்பத்தின் பெயருக்காகத்தான் இருக்க வேண்டும்.

"எழுதப் படிக்கத் தெரியும்னு சொல்லிண்டு தினம் நாலு பேர் வரா. அத்தாட்சி இருக்கா?"

இரண்டு சர்டிபிகேட்டையும் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். "இதெல்லாம் உன்னோடதுதானா?" என்றார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த சர்க்கார் விளம்பரத்தைக் காட்டி, "எங்கே, அதைப் படி பார்க்கலாம்" என்றார்.

வெளியே காத்துக்கொண்டு நின்ற வரிசைக்கும் கேட்கும்படி படித்தேன். உபாத்தியாயினி சர்டிபிகேட் வைத்திருப்பவர்களைப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டியதில்லை என்று மூன்றாம் பாராவில் இருந்தது. அதை இன்னும் கொஞ்சம் உரக்கப் படித்தேன்.

என் பெயர் ஏறியது. திரும்பும்போது லஸ் முனையில் டிராமுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்ததாக எனக்கு ஞாபகம். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

3

குப்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. கடலில் மிதந்து கரை ஒதுங்கும் எதுவும் கண்டவனுக்குச் சொந்தம் அல்ல. கப்பலிலிருந்து விழுந்த மரமோ, பீப்பாயோ, அறுந்த நங்கூரமோ, ஊர் கூடி உட்கார்ந்து அதை என்ன செய்வதென்று தீர்மானிக்கும். எனக்கு ஓட்டு வந்த செய்தி கேட்டதும் குப்பம் அதையும் கரை ஒதுங்கிய கணக்கிலேயே சேர்த்துக்கொண்டது.

பஞ்சாயத்துக்குத் தலைவர் நாட்டார் சிங்காரம். சாயங்காலம் வலைகளைக் காய வைத்திருந்த மணலில் ஊரைக் கூட்டினார்.

"தா பாரு பொண்ணே, ஒரு மரக்கட்ட கரைக்கு வந்தாலும் ஊர் கூடித்தான் பேசறோம். இத்த மட்டும் நீ தனியா வச்சிக்கினு பூடுவியா?"

"அது என் பெயரில் வந்திருக்கிறது" என்றேன்.

"பேரு உன்னுதுதான், யாரு இல்லன்னா? ஓட்டு குப்பத்துது."

ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ராவ் பகதூர் பட்டம் வாங்கிய வக்கீல், மாம்பலத்து ஏரியைத் தூர்த்து எழுப்பிய தியாகராய நகரில் புது பங்களா கட்டியிருந்தவர். சாவடியில் சீட்டுப் போட ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைப்பார்கள்; அவருக்குப் பச்சைப் பெட்டி. இன்னொருவர் டிராம் தொழிலாளர் சங்கத்துக்காரர். தொழிற்சங்கங்களும் குடியானவர் சங்கங்களும் கதர்க்காரர்களில் ஏழைகள் பக்கம் நின்றவர்களும் சேர்ந்து ஒரு கூட்டணி வைத்திருந்தார்கள். அவர்களுக்குச் சிவப்புப் பெட்டி. மூன்றாவதாக ஒரு நீலப் பெட்டியும் இருந்தது. அதன் சொந்தக்காரரை யாரும் பார்த்ததில்லை.

ராவ் பகதூர் மோட்டாரில் வந்தார். மணலில் சக்கரம் புதைந்தது. குப்பமே தள்ளி வெளியே எடுத்தது. அந்த உபகாரத்துக்காகத் திருவிழாவுக்கு இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கு தருவதாகச் சொன்னார். போகும்போது என்னைப் பார்த்து, "ஏ பொண்ணு, நீதான் அந்தப் படிச்சவளா? பார்த்துப் போடு" என்றார்.

சங்கத்துக்காரர் சைக்கிளில் வந்தார். சைக்கிளைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தார். பிறகு இரண்டு மணி நேரம் அபேதவாதம் பற்றிப் பேசினார். ரஷ்யாவில் எல்லாம் எல்லாருக்கும் பொது என்றார்.

"அங்க மீனும் பொதுவா?" என்று யாரோ கேட்டார்கள்.

"மீனும் பொதுதான்."

"கடலுக்குப் போறது யாரு?"

"எல்லாரும்தான்."

"அப்போ இன்னா புச்சா சொல்ற, அது நம்ம குப்பந்தானே" என்றார் நாட்டார். ரஷ்யாவின் மேல் குப்பத்துக்கு இருந்த ஆர்வம் அத்தோடு முடிந்தது.

ஆனால் அவர் இரண்டு வாக்குறுதி கொடுத்தார். குடியிருக்கும் மணல் குடியிருப்பவனுக்கே சொந்தமாகும் என்றார். குப்பத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் வரும் என்றார். கிளம்பும்போது என் முன்னால் நின்று, "தோழரே, நீங்கள் யோசித்துப் போடுங்கள்" என்றார்.

அதுவரை எந்த ஆண்பிள்ளையும் என்னை 'நீங்கள்' என்று சொன்னதில்லை. மடத்துச் சாமியார்கூட 'நீ' தான்.

ஊர் பச்சை என்று தீர்மானித்தது. பெட்ரோமாக்ஸைக் கண்ணால் பார்க்கலாம். அபேதவாதத்தை அப்படிப் பார்க்க முடியாது. நான் தலையாட்டவில்லை என்பதை நாட்டார் கவனித்துவிட்டார். கடல் தண்ணீரைக் கையில் அள்ளி, 'பச்சை' என்று சொல்லி, திரும்பக் கடலிலேயே ஊற்றச் சொன்னார். எங்களிடம் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. சொன்ன சொல்லை மீறினால் அந்த வீட்டு ஆளைக் கடல் திருப்பித் தராது என்பார்கள்.

"இன்னாத்துக்கு முறைச்சிக்கினு நிக்கற?" என்று அம்மா என் விலாவில் இடித்தாள். "ஓட்டுன்னா இன்னா, கூடையில வச்சி விக்கப் போறியா? ஊர் சொல்றத போட்டுட்டு வந்து சோறு ஆக்கு."

அள்ளினேன். சொன்னேன். ஊற்றினேன்.

4

ஓட்டுச் சாவடி மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடம். குப்பத்துப் பெண்கள் முப்பது பேர் என்னோடு கிளம்பினார்கள். ஒரு ஓட்டுக்கு முப்பது பேர் காவல். எல்லாரும் தலைக்குப் பூ வைத்திருந்தார்கள். நாட்டாரின் மனைவி தட்டில் கற்பூரமும் குங்குமமும் எடுத்துக்கொண்டாள், பச்சைப் பெட்டிக்கு. அம்மா ஒரு மருந்துக் குப்பியில் கோவிலிலிருந்து தீர்த்தம் எடுத்துக்கொண்டாள், அதே பெட்டிக்கு. அம்மன் பாதி, மாதா பாதி என்று குப்பம் எப்போதும் இரண்டு பக்கமும் பாதுகாப்பு வைத்துக்கொள்ளும்.

வாசலில் நின்ற உத்தியோகஸ்தர் பதறிப் போனார்.

"ஏம்மா, ஏம்மா! இது கோவில் இல்லை! பெட்டிக்குக் கற்பூரமெல்லாம் காட்டப்படாது!"

"ஒரு பொட்டு மட்டும் வச்சிட்டு வந்துடறோம் சாமி."

"ஒருத்தர்தான் உள்ளே போகணும். இதுல ஓட்டர் யாரு?"

முப்பது கைகள் என்னைக் காட்டின. அவர் ஜாபிதாவைப் புரட்டி என் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஜாபிதாவைப் பார்த்தார். "மத்தவாளெல்லாம்?"

"அவங்க என்னோட வந்தாங்க" என்றேன். அவசரத்தில் என் பள்ளிக்கூடத் தமிழ் கழன்று விழுந்துவிட்டது.

சீட்டை வாங்கிக்கொண்டு தட்டிக்குப் பின்னால் போனேன். மூன்று பெட்டிகள். வெளியே அம்மாவின் குரல் கேட்டது. "பச்ச, பச்ச, மறந்துடாதடி!" உத்தியோகஸ்தர் அவளை அதட்டும் குரலும் கேட்டது.

கொள்கைக்காகப் போட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. உழைப்பவனின் உரிமையை எண்ணி, உலகத்தின் ஏழைகளை எண்ணிப் போட்டேன் என்றால் இதை வெளியிடும் பத்திரிகைக்கும் கௌரவமாக இருக்கும். உண்மை வேறு. ஒருவர் 'ஏ பொண்ணு' என்றார், ஒருவர் 'நீங்கள்' என்றார். சீட்டைச் சிவப்புப் பெட்டியில் போட்டேன்.

வெளியே வந்ததும் முப்பது பேரும் சூழ்ந்துகொண்டார்கள். "போட்டியா?"

"போட்டேன்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். குப்பியைத் திறந்து தீர்த்தத்தை என் தலையிலேயே தெளித்துவிட்டாள். பெட்டிக்குக் கிடைக்காதது எனக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

5

கூட்டணி ஜெயித்தது. சங்கத்துக்காரர் எங்கள் தொகுதியில் பெரிய வித்தியாசத்தில் மெம்பராக வந்தார். மந்திரி சபையும் அவர்களுடையதே. லஸ்ஸில் பட்டாசு வெடித்தார்கள். குப்பத்தில் இழவு விழுந்த மாதிரி இருந்தது.

"நம்ம ஓட்டு வீணா பூட்ச்சே" என்றார் நாட்டார். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் அவருக்கு இருந்தது. "குப்பம் பச்சைக்குப் போட்டுச்சின்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நம்பள சும்மா வுடுவாங்களா?" மாகாணம் முழுவதிலும் விழுந்த ஓட்டுகளில் எங்கள் ஒரு ஓட்டை மந்திரி தனியாக எடுத்து வைத்திருப்பார் என்று அவர் நம்பினார். மாலை வாங்கிக்கொண்டு போய்ப் புது மெம்பருக்குப் போட்டுவிட்டு வந்தார். மெம்பர் மாலையைக் கழற்றி அடுத்தவருக்குப் போட்டுவிட்டாராம். அதையும் நாட்டார் ஒரு சகுனமாக எடுத்துக்கொண்டார்.

எனக்கு வேறு பயம். கடல் தண்ணீர்ச் சத்தியமெல்லாம் மூடநம்பிக்கை என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனாலும் ஓட்டுப் போட்ட மறுநாள் விடியும்போது நான் கரையில் நின்றேன். அதற்கு அடுத்த நாளும் நின்றேன். நைனாவின் கட்டுமரம் அலையைத் தாண்டி உள்ளே வரும்வரை அங்கிருந்து நகர மாட்டேன்.

"இன்னாமே, நீ எங்க இங்க? பள்ளிக்கூடத்துக்கு லீவா?" என்று நைனா ஈரத்தோடு வந்து கேட்டார்.

"காற்று வாங்க வந்தேன்."

"படிச்சவங்களுக்குத்தான் இந்த நோவெல்லாம் வருது" என்று சிரித்துக்கொண்டே வலையை இறக்கினார்.

இரண்டு மாதத்தில் கோவில் சாமியார் பார்த்துவைத்த பினாங்கு மாப்பிள்ளையோடு கல்யாணம். கப்பல் ஏறுகிற அன்று காலையிலும் கரைக்குப் போய்விட்டுத்தான் துறைமுகத்துக்குப் போனேன். நைனா வந்து சேர்ந்துவிட்டார்.

6

பினாங்கில் என் படிப்புக்கு நல்ல மரியாதை. ஒரு தமிழ்ப் பள்ளியில் உபாத்தியாயினி வேலை. பிள்ளைகள் தஞ்சாவூர், சேலம், திருச்சி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்களின் பிள்ளைகள். நான் சுத்தமான தமிழில்தான் பேசுவேன். கோபம் வந்தால் மட்டும் 'இன்னா' வந்துவிடும். அதற்காகவே அவர்கள் எனக்குக் கோபம் மூட்டுகிறார்கள். சந்தையில் வஞ்சிரம் என்று கேட்டால் விழிப்பார்கள், தெங்கிரி என்று கேட்க வேண்டும். வந்திறங்கியபோது குடியேற்ற ஆபீசில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் 'மீனவர்' என்று நானே என் கையால் எழுதினேன். அந்த அதிகாரி அதை அடித்துவிட்டுக் 'கூலி' என்று எழுதிக்கொண்டார். அவருடைய படிவத்தில் இந்தியர்களுக்கு வேறு தொழில் இல்லை.

என் மகள் ரோசலின் பத்து மாதத்தில் முதல் சொல் பேசினாள். வாசலுக்கு வந்த மலாய்க்காரரின் கூடையைப் பார்த்துக் கை நீட்டி, "ஈக்கான்" என்றாள். மலாய் மொழியில் மீன். மயிலாப்பூர்ப் பக்கம் தொண்டை கிழிய மீன் கூவி விற்ற மரியம்மாவின் பேத்தி! அம்மாவுக்கு எழுதினேன். 'எந்த பாசைல சொன்னா இன்னா, மீன்னுதானே சொல்லிச்சு' என்று பதில் வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பழுப்பு உறை. அந்த நோட்டீஸ் எனக்கு ஏன் வந்தது என்று கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் புரிந்தது. குப்பத்தில் இருநூறு குடிசை உண்டு. ஆனால் சர்க்கார் வைத்திருக்கும் எந்த ஜாபிதாவிலும் அந்த மணலில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு, ஓட்டர் பிலோமினா. ஊரையே எடுக்க வேண்டுமானாலும் எனக்குத்தான் அறிவிக்க வேண்டும். தொழிலாளர்களின் சர்க்கார், தொழிலாளர்கள் மாலையில் காற்று வாங்குவதற்காக, அந்தக் காற்றில் பாய் விரித்துப் பிழைக்கிற தொழிலாளர்களை எடுக்கப் போகிறது. பூங்காவில் பெஞ்சு போடுவார்கள். ஒரு பெஞ்சில் நைனா போய் உட்காரலாம், எங்கிருந்தாவது டிராமில் வந்து.

அம்மாவின் கடிதம் உபதேசியார் எழுதியது. எங்கள் பக்கத்துக் கடிதங்கள் எல்லாம் அவர்தான் எழுதுவார், சொன்னது சொன்னபடி. அதில் நாட்டார் சிங்காரத்தின் வேண்டுகோள் இருந்தது.

"நம்ம பச்சைக்குப் போட்டதாலதான் குப்பத்த தூக்கறாங்க. நீ ஒரு காரியம் பண்ணு பொண்ணே. குப்பத்து ஓட்டு சிவப்புக்குத்தான் வுழுந்துச்சின்னு மெம்பருக்கு உன் கையால எழுதிப் போடு. பொய்தான். கடல்மேல சத்தியம் பண்ணிட்டு மாத்திச் சொல்றது பாவந்தான். அதுக்குப் பரிகாரமா அம்மனுக்கு நான் கஞ்சி ஊத்திடறேன். நீ எழுது."

அந்தோணி அதைப் படித்துவிட்டு, "பாவம், உனுக்குத்தான் பொய்ன்னாலே ஆவாதே. இன்னா பண்ணப் போற?" என்றார்.

"எழுதறேன்."

"இன்னா, இவ்ளோ லேசா ஒத்துக்கினே?"

அன்றுதான் அவரிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் பாயில் உருண்டு சிரித்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, "அப்போ என் மாமனாரு இத்தினி நாளா போய்க்கினு வந்துகினு கீறாரே, அது எப்டி?" என்றார்.

"கடலுக்கு வேற வேலை கீது" என்றேன்.

மெம்பருக்கு எழுதினேன். "தோழருக்கு" என்று ஆரம்பித்தேன். மணல் குடியிருப்பவனுக்கே என்று அவர் சைக்கிளோடு நின்று சொன்ன இடத்தை, அன்று சொன்ன சொற்களை, பள்ளிக்கூட வாக்குறுதியை எல்லாம் நினைவூட்டினேன். கடைசியில், "எங்கள் குப்பத்தில் இருந்த ஓட்டுகள் ஒன்று விடாமல் தங்களுக்கே விழுந்தன" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குப்பம் என் கையால் எழுதச் சொன்ன மகா பெரிய பொய்யில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை.

7

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. அச்சடித்த அட்டை. "ஐயா" என்று தொடங்கியது. என் கடிதம் கிடைத்ததாம், உரிய இலாகாவுக்கு அனுப்பப்பட்டதாம். அடியில் காரியதரிசி கையால் எழுதியிருந்தார்: "தாங்கள் தற்சமயம் தொகுதிக்கு வெளியே வசிப்பதால் தங்கள் குறையை மெம்பர் கவனிக்க இயலாது. குப்பத்தில் உள்ள வாக்காளர் எவரேனும் எழுதினால் கவனிக்கப்படும்."

தோழர் போய் ஐயா ஆனதில் எனக்கு வருத்தமில்லை. ஆண்பிள்ளையாக உயர்த்தியிருக்கிறார்களே. ஆனால் குப்பத்தில் உள்ள வாக்காளரை எங்கே தேடுவது? இருந்த ஒரு வாக்காளர் கப்பல் ஏறிவிட்டாள். குப்பத்துக்காகப் பேச நான் வெளியூர்க்காரி. குப்பத்தை எடுக்க நான் உள்ளூர்க்காரி. இரண்டும் ஒரே சர்க்கார் முத்திரையோடு என் மேஜைமேல் இருக்கின்றன.

போன வாரம் அம்மாவின் இரண்டாவது கடிதம் வந்தது. உபதேசியார் நடந்ததை நடந்தபடியே எழுதியிருந்தார். சங்கிலியும் கொடியுமாக சர்வேயர் ஒருவர் குப்பத்துக்கு வந்தாராம்.

"இங்க பிலோமினா யாரு?" என்று கேட்டாராம்.

"என் பொண்ணு" என்றாளாம் அம்மா.

"கூப்பிடு. நோட்டீஸ் கெடைச்சதுன்னு கையெழுத்துப் போடணும். அவ போட்டாத்தான் அளக்க முடியும்."

"பினாங்குல கீறா. கப்பலுக்குச் சீட்டு வாங்கிக் குடு நைனா, கூட்டிக்கினு வரேன்."

"வேற யாராவது போடுங்க."

"எங்களுக்குப் போடத் தெரிஞ்சாத்தான் இந்நேரம் எல்லாரும் ஓட்டுப் போட்டிருப்போமே" என்றாளாம் நாட்டாரின் மனைவி.

சர்வேயர் இருநூறு குடிசைகளையும், முன்னால் நின்ற அத்தனை பேரையும் பார்த்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் 'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு சங்கிலியைச் சுருட்டிவிட்டாராம். போகும்போது அம்மாவிடம் மீன் வாங்கிக்கொண்டு போனாராம்.

இப்போது அந்தக் கையெழுத்துப் படிவம் எனக்கே வந்திருக்கிறது. நோட்டீஸ் கிடைத்தது என்று ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். கையெழுத்துப் போடக் கற்பதற்காக எட்டு வருஷம் வெயிலில் சாந்தோம் வரை நடந்தேன். போடாமல் இருப்பதற்கு ஒரு சிரமமும் இல்லை. படிவத்தை ரோசலினிடம் கொடுத்திருக்கிறேன். பாதியைத் தின்றுவிட்டாள். குடிசைகள் இன்றுவரை நிற்கின்றன. பூங்கா என் வருகைக்காகக் காத்திருக்கிறது.

அந்தக் கடிதத்தின் அடியில் அம்மா சொன்னது தனியாக இருந்தது.

"நீ மெம்பருக்கு எழுதுனத நாட்டாரு பொய்யின்னு நெனச்சி அம்மனுக்குக் கஞ்சி ஊத்திட்டாரு. ஊத்தட்டும், நாலு பேரு குடிச்சாங்க. எனுக்கு அன்னிக்கே தெரியும்டி. பொறந்ததுலேந்து ஒரு நாளாச்சும் விடியக் காலைல கரைக்கு வந்து நைனாவுக்காக நின்னியா? ஓட்டுப் போட்ட மறுநாள்லேந்து தெனமும் வந்து நின்னியே. நைனா நல்லா கீறாரு. இன்னிக்கு நெறைய மீன் பாடு. நீ பயப்படாத."

அதன் கீழே உபதேசியார், "மேற்கண்டதை நான் வேறு எவரிடமும் சொல்லவில்லை" என்று எழுதித் தம் கையெழுத்தையும் போட்டிருந்தார்.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதுகிறாயே, நாட்டாருக்குத் தெரிந்துவிடாதா என்று அந்தோணி கேட்கிறார். எப்படித் தெரியும்? உபதேசியார் வாய் திறக்க மாட்டார். குப்பத்தில் இதைப் படிக்க இன்னும் ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது. கூட்டணிச் சர்க்கார் வாக்குக் கொடுத்தபடி அங்கே ஒரு பள்ளிக்கூடம் திறந்தால்தான் எனக்கு ஆபத்து. அவர்கள் ஆட்சியில் இருக்கும்வரை நான் நிம்மதியாகத் தூங்கலாம்.